அனுப்பர்பாளையத்தில் ஜெர்மனி தோற்ற கதை

சந்தனத்துக்கு எல்லா வேலையும் வரும், சும்மா இருப்பது மட்டும் வராது. செக்கிங் டேபிளில் நின்றால் கண் ஒரு வேலை பார்க்கும், வாய் இன்னொரு வேலை பார்க்கும். பனியனை விரித்துப் புரட்டி, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது என்று கண் தேடிக்கொண்டிருக்கும்போதே வாய் ஐரோப்பாவுக்குப் போய்விடும். ஆண்டிபட்டிப் பக்கம் பிளஸ் டூவில் வரலாற்றுப் பிரிவு எடுத்துப் படித்தவள் அவள். காலேஜுக்கு அனுப்ப வீட்டில் தெம்பில்லை, கல்யாணம் பண்ணி அனுப்பிவிட்டார்கள். புருஷனோடு திருப்பூருக்கு பஸ் ஏறியபோது பெட்டியில் நாலு சேலையும் மண்டையில் நாலு சாம்ராஜ்யமும் இருந்தன. சேலைகள் கிழிந்துபோயின. சாம்ராஜ்யங்களை இறக்கி வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை.

அவள் வேலை பார்த்த கம்பெனி அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை, அதற்குள் வரிசையாக மெஷின்கள், அவ்வளவுதான். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து துணி வரும். இங்கே வெட்டி, தைத்து, அயர்ன் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓனர் தங்கராஜ், மஞ்சளும் வாழையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பத்துக்காரர். அவருக்கு ஒருவரைத் திட்டத் தெரியாது. கோபம் தலைக்கேறினாலும் வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'ங்க' போட்டுவிடுவார், அதனால் யாருக்கும் உறைக்காது.

அந்தக் குணத்துக்காகத்தான் சந்தனம் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஆஷா படித்த பள்ளிக்கூடம் அடுத்த சந்தில் இருந்தது. பள்ளி விட்டதும் ஓடிப்போய்ப் பிள்ளையை அழைத்துவந்து செக்கிங் டேபிளுக்கு அடியில் உட்கார வைத்துக்கொள்ளலாம், தங்கராஜ் கண்டுகொள்ள மாட்டார். மற்ற கம்பெனிகளில் கேட்டுக்குள் காலை வைத்தால் ஷிப்ட் முடியும்வரை வெளியே விடமாட்டார்கள். இந்தக் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டால் பிள்ளையை யாரிடம் விடுவது என்பது அவளுக்குத் தெரியாது.

பூட்டுப் போடும் நாளும் நெருங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், தீபாவளிக்கு முன்னால். ஊரெல்லாம் கரண்ட் கட். தினமும் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மெஷின்கள் அத்தனையும் ஊமையாகிவிடும். தங்கராஜிடம் ஜெனரேட்டர் கிடையாது. அடுத்த தெருக் கம்பெனியில் இருந்தது, அது ஓடும் சத்தம் இங்கே கேட்கும். டெய்லர்களுக்குப் பீஸ் ரேட், தைத்த பீஸுக்குத்தான் கூலி. உட்கார்ந்திருந்தால் சோறு வராது. ஒவ்வொருவராக அடுத்த தெருவுக்குப் போக ஆரம்பித்தார்கள். போனவர்கள் கரண்ட் வந்த பிறகும் திரும்பவில்லை. குழந்தைகள் டீசர்ட் லாட் ஒன்று பாதியில் நின்றது. தீபாவளிக்குள் அதை முடித்துத் தராவிட்டால் இனிமேல் வேலையே கிடையாது என்று பெரிய கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் கரண்ட் போனதும் ஓவர்லாக் டெய்லர் ஜெயபாண்டி சைக்கிளை எடுத்தான். உசிலம்பட்டிக்காரன், கைவேகம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். அவன் போனால் அந்த வரிசையே அவன் பின்னால் போகும். பனியனின் தோளையும் பக்கவாட்டையும் இணைப்பதே ஓவர்லாக்தான். அவர்கள் இல்லையென்றால் மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

சந்தனம் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தாள். பனியன் விளிம்பை மடித்துக் கொடுக்கும் கைமடி ராமாயிதான் அன்றைக்கு மாட்டிக்கொண்ட காது.

"ஒருத்தன் தோத்த ஆத்திரத்துல உலகத்தையே கொளுத்திப்புட்டான் மதினி. அரை மீசைக்காரன்."

சைக்கிள் நின்றது. "எதுல தோத்தான்?" என்றான் ஜெயபாண்டி.

அப்படித்தான் அனுப்பர்பாளையத்தில் இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பித்தது.

"அதுக்கு முந்தி ஒரு பெரிய யுத்தம் நடந்துச்சு. அதுல ஜெர்மனிக்காரன் தோத்துப்போனான்," என்று சந்தனம் வசதியாக டேபிள் மேல் ஏறி உட்கார்ந்தாள். "ஜெயிச்சவுக சும்மா விட்டுருக்கலாம்ல? பஞ்சாயத்துல நடுவுல நிக்கவெச்சு, தப்பெல்லாம் உன்மேலதான், தண்டம் கட்டு, நிலத்தைக் குடுன்னு எழுதி வாங்கிக்கிட்டாக. அந்த ஊரே வயிறெரிஞ்சு கெடந்துச்சு. அப்பப் பாத்து இவன் வர்றான், நம்ம மானத்தை நான் மீட்டுத் தாரேன்னு."

"மீட்கணும்ல," என்றான் ஜெயபாண்டி. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாயிற்று.

கரண்ட் வந்தபோது ஒருவரும் அடுத்த தெருவுக்குப் போயிருக்கவில்லை. தங்கராஜ் வாசலில் நின்று இதைப் பார்த்தார். அவர் வயலில் மடை திறந்த குடும்பம், தண்ணீர் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். மறுநாள் கதை நேரத்துக்கு எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வந்தன.

சிக்கல் நாடுகளின் பெயரில் வந்தது. போலந்து, பிரான்ஸ், பெல்ஜியம் என்று சொல்லச் சொல்ல ராமாயிக்குக் கொட்டாவி வந்தது. எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. சந்தனம் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஐரோப்பா கண்ணெதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தது.

ஓவர்லாக் மெஷினில் கத்தி உண்டு. தைத்துக்கொண்டே ஓரத்தை நறுக்கிக்கொண்டு போகும். அதனால் அது ஜெர்மனி. பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்லாக் இத்தாலி. சிங்கர் மெஷின்காரி அனுசுயா இங்கிலாந்து, அந்த அம்மாள் யாருக்கும் சுலபத்தில் வழிவிட மாட்டாள். ஜெர்மனிக்கு ஒட்டினாற்போல் ஸ்டூல் போட்டிருந்த ராமாயி போலந்து. டெய்லர் ஓடிப்போனதால் காலியாகக் கிடந்த மெஷினை பிரான்ஸ் ஆக்கினாள், எப்படியும் அது சீக்கிரம் விழப்போகிற நாடு. அயர்ன் மாஸ்டர் ரஷ்யா. கம்பெனியிலேயே அதிகம் வேகிற ஆளுக்கு உலகத்திலேயே குளிரான நாடு கிடைத்ததில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். தனியாக ஒரு மூலையில் பெரிய கத்தியோடு நிற்கும் கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து ஜப்பான். செக்கிங்கை அமெரிக்கா என்று தனக்கே வைத்துக்கொண்டாள். எல்லாம் முடிகிற சமயத்தில் வந்து குறை சொல்கிற இடம் அதுதானே.

"எங்களுக்கு நாடு இல்லியா?" என்று பிசிர் வெட்டும் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கு இந்தியா கொடுக்கப்பட்டது. சண்டைக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு வார்த்தை கேட்காமல், இங்கிலாந்துக்காரன் இழுத்துக்கொண்டு போன நாடு என்று சந்தனம் விளக்கினாள். "அப்போ நாங்களேதான்," என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இதுதான் அவள் செய்த தப்பு. கதையில் வரும் நாட்டை யாரோ ஒருத்தர் தலையில் கட்டினால் அவர் கதையைக் கதையாகக் கேட்பாரா?

ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த மறுநாளே ஜெயபாண்டியின் நடை மாறிவிட்டது. ராமாயியைப் பார்த்து, "என்னா போலந்து, சௌக்கியமா?" என்பான். டென்மார்க், நார்வே, ஹாலந்து, பெல்ஜியம் என்று வரிசையாக விழ விழ, அவன் பனியன்கள் மலைபோலக் குவிந்தன. ஜெயிக்கிற நாட்டுக்குக் கைவேகம் கூடுவது இயற்கைதான். பிரான்ஸ் விழுந்த அன்று காலி மெஷினில் தன் டிபன் கேரியரை வைத்துவிட்டான், இனி அது அவன் சொத்தாம். லண்டன் மேல் குண்டு விழுந்த அன்று பக்கத்துப் பட்டறையில் அண்டா தட்ட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அனுசுயா காதைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் இங்கிலாந்து சரணடையவில்லை. "செத்தாலும் எம்பட மெஷினைக் குடுக்க மாட்டனுங்க," என்றாள். அன்றிலிருந்து ஜெயபாண்டி கேட்டால் அவள் நூல்கண்டு கொடுப்பதில்லை.

ஒரு மத்தியானத்தில் ஜப்பான் அமெரிக்காவை அடித்தது. முன்பின் தகவல் இல்லாமல் கப்பல்களைக் கொளுத்தியதைச் சந்தனம் சொல்லி முடித்ததும் நாச்சிமுத்து எழுந்து வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி," என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

வேலை ஓடியது. கதை கேட்கவென்றே அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். சந்தனத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்துக்குப் போய்த் தடியாக ஒரு யுத்தப் புத்தகம் எடுத்துவந்து படித்தாள், படித்ததை அன்றன்றைக்கு இறக்கினாள். புத்தகத்தில் இல்லாததையும் கொஞ்சம் சேர்த்தாள். லண்டனில் விழுந்த குண்டுகளை அவள் இஷ்டத்துக்குக் கூட்டியிருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

இதற்கிடையில் ஜெர்மனி ரஷ்யாவுக்குள் போயிருந்தது. பனி கொட்டியது. பட்டாளம் குளிரில் விறைத்தது. அயர்ன் மாஸ்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஜெயபாண்டி டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அக்கா, ஜெர்மனி தோத்துருமா?"

"கதை போற போக்குல பாப்போம்ப்பா."

"தோத்துச்சுன்னா நான் இங்க இருக்க மாட்டேன். எங்க வரிசையே இருக்காது. இந்தச் சிங்கரு முகத்துல முழிச்சுக்கிட்டு என்னால தைக்க முடியாது. ஜெனரேட்டர் கம்பெனியில நேத்துக்கூடக் கூப்பிட்டாக."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

சாயங்காலம் தங்கராஜ் செக்கிங் டேபிளுக்கு வந்தார். கொஞ்ச நேரம் ஒரு பனியனை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஏனுங்க அம்மிணி, அந்த ஜெர்மனி ஜெயிச்சா நமக்கென்னங்க நட்டம்?"

"என்னண்ணே சொல்றீக?"

"இந்த லாட் மால் போற வரைக்கும் ஜெயிக்க உடுங்க. அப்புறமா தோத்துக்கட்டும். யாருங்க வந்து கேக்கப் போறாங்க?"

சந்தனம் அந்தப் பனியனை அவர் கையிலிருந்து வாங்கிக் கட்டில் வைத்தாள். 

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது அவள் யோசித்தாள். குண்டுகளைக் கூட்டிச் சொன்னவளுக்கு ஒரு ஜெயிப்பை மாற்றிச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஜெர்மனி ஜெயித்தால் லாட் முடியும், கம்பெனி நிற்கும், ஆஷா டேபிளுக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை படித்த பக்கங்கள் அவளை விடவில்லை. பிடித்த ஊர்களில் அரை மீசைக்காரன் செய்தது பிளஸ் டூ பாடத்தில் ஒரு வரியாகத்தான் இருந்தது. தடிப் புத்தகம் அதைப் பக்கம் பக்கமாகச் சொன்னது. அதைப் படித்த பிறகு அந்த ஆளை ஜெயிக்க வைக்க அவளுக்கு வாய் வராது. பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட அருவருப்பு பெரிதாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் டேபிள் மேல் ஏறவில்லை. ஜெயபாண்டிக்கு எதிரே ராமாயியின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்குப் பட்டாளத்தைப் பத்திச் சொல்லலை. பிடிச்ச ஊர்கள்ல ஜெர்மனிக்காரவுக என்ன பண்ணாகன்னு சொல்றேன். யூதர்னு ஒரு சனம். அவுக செஞ்ச தப்பு ஒண்ணுமில்ல, அவுகளாப் பொறந்ததுதான். ஊரூரா அவுகளைப் பிடிச்சு, மாட்டை அடைக்கிற மாதிரி ரயில்ல அடைச்சுக் கொண்டுபோனாக. எறக்கிவிட்டு, குளிக்கப் போறீக, துணியைக் கழட்டி வெச்சுட்டுப் போங்கன்னாக. அம்மாமாரு பிள்ளைக சட்டையை மடிச்சு, அடையாளமா வெச்சுட்டுப் போனாக. உள்ள தண்ணி வரலை. விஷப்புகை வந்துச்சு."

பட்டறையில் யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய அந்தத் துணியெல்லாம் குவிஞ்சு கெடந்துச்சு. அதைப் பிரிச்சு அடுக்குறதுக்கு ஆள் போட்டிருந்தாக. பெரியவுக துணி தனி, பிள்ளைக துணி தனி. கிழிஞ்சதைத் தள்ளிட்டு நல்லதை மட்டும் எடுக்கணும். எங்களை மாதிரிப் பொம்பளைகதான் நின்னு பிரிச்சாக. அவுகளும் கைதிகதான்."

ஜெயபாண்டியின் மெஷினில் பாதி தைத்த பனியன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை அகலத் தோள். அவன் அதைத் தொடவில்லை.

"அந்த நல்ல சட்டையெல்லாம் என்ன பண்ணாக?"

"கட்டுக் கட்டாக் கட்டி ஜெர்மனிச் சனத்துக்கே அனுப்பிவெச்சாக. அவுக பிள்ளைக போட்டுக்கிருச்சு."

கரண்ட் வந்தது. மெஷின்கள் ஓடத் தொடங்கின, ஓவர்லாக் வரிசை மட்டும் கொஞ்சம் தாமதமாக.

மறுநாள் காலையில் ஜெயபாண்டி பிரான்ஸ் மேலிருந்த தன் டிபன் கேரியரை எடுத்துவிட்டான். செக்கிங் டேபிளுக்கு வந்து நின்றான்.

"அக்கா, எனக்கு வேற நாடு குடுங்க."

"பாக்கி நாடு இல்லையேப்பா."

"இந்தியாவுல ஒரு ஓரமா உட்காந்துக்கிறேன்."

பிசிர் வெட்டும் பெண்கள் கூடிப் பேசி, வேண்டாம் என்றார்கள். இவன் வந்தால் நாட்டாமை பண்ணுவான் என்பது அவர்கள் கருத்து. "அப்ப சீக்கிரமாத் தோக்கடிச்சு விடுங்கக்கா," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். அடுத்த தெருவுக்குப் போகிற பேச்சே இல்லை. தங்கராஜ் குலசாமிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

இரண்டு மத்தியானங்களில் சந்தனம் யுத்தத்தை முடித்தாள். அமெரிக்காவும் இங்கிலாந்தும் கடல் தாண்டி ஒரு பக்கம் இறங்கின, ரஷ்யா மறுபக்கம் வந்தது, நடுவில் ஜெர்மனி நசுங்கியது. அரை மீசைக்காரன் பதுங்கு குழிக்குள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தான். முதலில் கை தட்டியது ஓவர்லாக் வரிசைதான். அனுசுயா ஒரு நூல்கண்டை எழுந்துபோய் ஜெயபாண்டியிடம் கொடுத்தாள்.

"எம்பட கதை என்னாச்சுங்க?" என்றார் நாச்சிமுத்து.

சந்தனத்துக்கு அதைச் சொல்ல மனமில்லை. ஒரே ஒரு விமானம் வந்ததையும், ஒரே ஒரு குண்டில் ஓர் ஊர் போனதையும், மூன்று நாள் கழித்து இன்னொரு ஊர் போனதையும் சுருக்கமாகச் சொன்னாள். சில பெண்களுக்கு, கட்டியிருந்த துணியின் பூ டிசைன் அப்படியே தோலில் வெந்து பதிந்துவிட்டது என்றாள். நாச்சிமுத்து தன் கட்டிங் டேபிளைப் பார்த்தார். "நீங்க போட்டீங்களா அம்மிணி அதைய?" என்றார். அமெரிக்காவைத் தனக்கு வைத்துக்கொண்டதை நினைத்து முதல்தடவையாக சந்தனத்துக்கு வெட்கமாக இருந்தது. ஜெயித்த நாடுகள் எதுவும் அன்று டீ கேட்கவில்லை.

யுத்தம் முடிந்தது, லாட்டும் ஏறக்குறைய முடிந்தது என்று தங்கராஜ் நிம்மதியாக மூச்சுவிட்டபோதுதான் லேபிள் வந்து சேர்ந்தது. துவைக்கும் முறை அச்சடித்த சின்னத் துண்டு. பக்கவாட்டுத் தையலுக்குள் வைத்து ஓவர்லாக் அடிக்க வேண்டும், அதற்காக எல்லாவற்றிலும் ஒரு பக்கத்தை மூடாமல் விட்டிருந்தார்கள். பெரிய கம்பெனி அதைக் கடைசியில்தான் அனுப்பியது. தங்கராஜ் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு உற்சாகமாக உள்ளே வந்தார்.

"லேபிள் மாறீரக் கூடாதுங்க. இது ஜெர்மனிக்குப் போற மாலு."

 ஜெயபாண்டி பெடலிலிருந்து காலை எடுத்தான்.

"அந்த ஊருக்கா?"

தங்கராஜ் என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல் விழித்தார்.

"அந்த ஊரு பிள்ளைகளுக்கா நான் இத்தனை நாளாத் தைச்சேன்? இனி ஒரு தையல் போட மாட்டேன்," என்று ஜெயபாண்டி எழுந்து நின்றான். அவன் வரிசை முழுக்க எழுந்து நின்றது.

"அம்மிணி," என்றார் தங்கராஜ், அழுகிற குரலில். "முன்ன ஜெர்மனி தோத்தாப் போயிருவேன்னானுங்க. இப்போ தோத்தும் போறேங்கறானுங்க. நா எங்கீங்க போயி முட்டிக்கிறது?"

சந்தனம் எழுந்து வந்தாள். புத்தகத்தில் யுத்தம் முடிந்த பிறகும் பக்கங்கள் இருந்தன. அவள்தான் அவற்றைச் சொல்லாமல் விட்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் அந்த ஊர்ல ஒரு தெருவுல ஒரு வீடு முழுசா இல்லப்பா. ஆம்பளைக பாதிப் பேரு திரும்பி வரலை. பொம்பளைகதான் வரிசையா நின்னு, ஒரு கை மாத்தி ஒரு கை, செங்கல்லை எடுத்து அடுக்குனாக. பனியில போட்டுக்கத் துணியில்லாம பிள்ளைக கெடந்துச்சுக. பெரியவுக செஞ்சதை அதுக கேட்டுக்கிட்டா பொறந்துச்சுக? இப்ப இதைப் போடப்போறது அதுகளோட பேரனும் பேத்தியும்."

ஜெயபாண்டி மெஷினில் கிடந்த டீசர்ட்டை எடுத்து நீட்டிப் பார்த்தான்.

"இது எந்த வயசுக்கு?"

"ரெண்டு வயசு."

"ரெண்டு வயசுப் பிள்ளைக்கு எதுக்குக்கா ஊரு, எதுக்குக்கா நாடு," என்றான், யாரிடமோ கோபப்படுகிற குரலில். பிறகு உட்கார்ந்தான்.

தங்கராஜ் நகரவே பயந்து, பொட்டலத்தோடு நின்ற இடத்திலேயே நின்றார். ஜெயபாண்டி கையை நீட்டி அதிலிருந்து ஒரு லேபிளை எடுத்தான். அதன் ஓரம் வெட்டின கூர்ப்போடு இருந்தது. விரல் நுனியால் தடவிப் பார்த்தான். குழந்தையின் இடுப்பில் குத்தாமல் இருக்க அந்த ஓரத்தை உள்பக்கமாக மடித்து, தையலுக்குள் வைத்து, பெடலை மிதித்தான்.